அக்கி எழுதிய மூன்று நாளும் குளிர் பிளாஸ்மாவும்

மார்கழியில் காருகுறிச்சிக்குப் போனால் தெருவெல்லாம் பொங்கப்பானைதான். வாசலில், திண்ணையில், சுவரோரத்தில் என்று கவிழ்த்துக் காயப் போட்டிருப்பார்கள். அந்தப் பானைகளுக்கு நடுவில் ஒரு பலகையைப் போட்டு ஆச்சியை உட்கார வைத்தேன். முதுகுத்தண்டில் தொடங்கி வலது விலாவைச் சுற்றி மார்புக்குக் கீழ்வரை, பாதி அரைஞாண் கட்டிய மாதிரி சிவந்திருந்தது. அந்தச் சிவப்பின்மேல் கொத்துக்கொத்தாக நீர்க்கொப்புளம். ஊரில் யாரிடம் காட்டினாலும் பார்த்ததுமே சொல்லிவிடுவார்கள், அக்கி என்று.

வேளார் வீட்டு அக்கா காவிக்கல்லைத் தண்ணீர் விட்டு, சந்தனம் இழைக்கிற மாதிரி இழைத்தார். பெண்களுக்கு அந்த வீட்டில் அவர்தான் எழுதுவார். கோழி இறகின் நுனியைக் காவியில் தோய்த்து, "மொதல்ல கரை கட்டிருவோம் ஆச்சி, அப்பதான் படராது" என்று சொல்லிக்கொண்டே சிவந்த இடத்தைச் சுற்றி வேலி போட்டதுபோல ஒரு கோடு இழுத்தார். அப்புறம் கோட்டுக்குள்ளே ஒரு சிங்கம். நாலு கால், தூக்கிய வால், பிடரிக்கு ஏழெட்டுக் கீற்று. கொப்புளத்தின்மேல் இறகு பட்டும் படாமலும் நகர்ந்தது. அவ்வளவு மெல்லிய கையை நான் பார்த்ததில்லை. அந்தக் கையே கொஞ்சம் வலியைக் குறைத்திருக்கும். ஆச்சி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

"மூணு நாளு வரணும் டீச்சர். வெயில் ஏறுமுன்ன வந்துருங்க. மீனு, கருவாடு, புளி சேத்துக்கிடாதீங்க."

காசு வாங்கவில்லை. தட்டில் வைத்த வெற்றிலை பாக்கையும் தேங்காயையும் மட்டும் எடுத்துக்கொண்டார். வீரவநல்லூரில் இருந்து ஆட்டோவில் மூன்று நாளும் ஆச்சியைக் கூட்டிக்கொண்டு போனேன். மூன்றாம் நாள் சாயங்காலம் கொப்புளங்களில் பாதி உடைந்திருந்தன. வலி மட்டும் கூடிக்கொண்டே போனது. அதற்குப் பிறகுதான் பாளையங்கோட்டையில் ஒரு தோல் மருத்துவரிடம் காட்டினோம். அவர் பார்த்துவிட்டு, "தடிப்பு கண்டு 72 மணி நேரத்துக்குள்ள வந்திருந்தா மாத்திரை நல்லா வேலை செஞ்சிருக்கும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தினமும் சொல்லிச் சொல்லிப் பழகிய குரல்.

அந்த வார்த்தையைக் கேட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அக்கி எழுத மூன்று நாள். வைரஸைப் பெருகவிடாமல் மடக்க மாத்திரைக்குக் கிடைக்கும் அவகாசம் 72 மணி நேரம். இரண்டும் அதே மூன்று நாள்தான். முப்பது வருடமாகப் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவள் நான். இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டாமா என்ற எண்ணம் இன்றைக்கும் என்னை விட்டுப் போகவில்லை. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்கும் அதுதான் காரணம்.

வேளார் வீட்டு அக்கா மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. காவி என்பது இரும்பு ஆக்சைடு கலந்த மண். ஈரமாகப் பூசும்போது குளிர்ச்சியாக இருக்கும், காயும்போது நீரை இழுக்கும். அதற்கு மேல் அதனால் முடியாது. ஏன் முடியாது என்று பார்த்தால் விஷயம் தோலைத் தாண்டி உள்ளே போகிறது.

சின்னம்மையும் அக்கியும் ஒரே வைரஸ். ஆச்சிக்கு ஒன்பது வயதில் அம்மை போட்டிருக்கிறது. வேப்பிலை படுக்கை, வாசலில் சொருகிய வேப்பங்கொத்து, தலைக்குத் தண்ணீர் விட்ட நாள் எல்லாம் இன்றும் நினைவு வைத்துச் சொல்வாள். அம்மை இறங்கியது, வைரஸ் இறங்கவில்லை. முதுகுத்தண்டின் ஓரத்தில் இருக்கும் நரம்பு முடிச்சுக்குள் போய் ஒடுங்கிக்கொண்டது. அறுபத்தொன்பது வருடம் அங்கேயே இருந்தது. எழுபத்தெட்டு வயதில் எதிர்ப்புச் சக்தி தளர்ந்தபோது, அந்த ஒரு நரம்பு வழியாகவே தோலுக்கு இறங்கி வந்துவிட்டது. ஒரு நரம்பு உடம்பின் ஒரு பக்கத்துக்குத்தான் போகிறது, அதனால்தான் அக்கி பட்டையாக, ஒரு பக்கமாக மட்டும் வருகிறது. இப்படித்தான் இருக்க வேண்டும் என்று 1965இல் தெளிவாக எழுதி வைத்தவர் எட்கர் ஹோப் சிம்ப்சன். பெரிய ஆராய்ச்சிக்கூடம் எதிலும் இருந்தவரில்லை. இங்கிலாந்தில் சிரன்செஸ்டர் என்ற ஊரில் சாதாரணக் காய்ச்சல், இருமலுக்கு மருந்து கொடுத்த குடும்ப மருத்துவர். தன்னிடம் வந்த அக்கி நோயாளிகளை ஆண்டுக்கணக்காகக் குறித்து வைத்தே கண்டுபிடித்தார். நம் ஊர் மருத்துவர்களும் வேளார்களும் இப்படி ஒரு நோட்டுப் போட்டிருந்தால் எவ்வளவு தெரிந்திருக்கும் என்று அடிக்கடி நினைப்பேன்.

ஆச்சிக்கு அசைக்ளோவிர் கொடுத்தார்கள். 800 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள். வைரஸ் தன்னைப் படியெடுக்கும்போது டிஎன்ஏ எழுத்துக்குப் பதிலாக இந்த மருந்து போய் உட்கார்ந்துகொள்ளும், படியெடுப்பு பாதியில் நின்றுவிடும். முன்னாலேயே கொடுத்திருந்தால் பெருகாமல் நிறுத்தியிருக்கும். பெருகி நரம்பை அரித்த பிறகு கொடுத்தால் அரித்தது அரித்ததுதான்.

தோல் ஆறி, தழும்பு மட்டும் மங்கலாக இருந்தது. வலி சித்திரையிலும் விடவில்லை. வெயில் கொளுத்துகிற மத்தியானத்தில்கூட ஆச்சி மின்விசிறி போட விடமாட்டாள். "எம்மா, அந்தக் காத்தாடிய நிப்பாட்டு. காத்து பட்டாலே தீ பட்ட மாதிரி காந்துது" என்பாள். ரவிக்கை போட முடியவில்லை. பழைய வேட்டித் துணியைக் கிழித்து, அதையும் நனைத்துப் பிழிந்து, விலாவுக்கும் சேலைக்கும் நடுவில் வைத்துக்கொள்வாள். மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் இந்த வலிக்கு மருத்துவத்தில் தனிப் பெயர் உண்டு, தனி மாத்திரையும் உண்டு. மாத்திரை போட்டால் தூங்கிக்கொண்டே இருந்தாள். விழித்திருக்கும்போது வலித்தது.

அந்தச் சித்திரையில்தான் குளிர் பிளாஸ்மாவைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அக்கிக்கு வேறு என்ன செய்கிறார்கள் என்று பார்க்கப் போனபோது, ஜெர்மனியில் அக்கிப் புண்ணின்மேல் பிளாஸ்மாவைக் காட்டி ஒரு ஆய்வு நடந்திருப்பது கண்ணில் பட்டது. பிளாஸ்மா என்றதும் எனக்குப் பள்ளிக்கூட ஆய்வகம்தான் நினைவுக்கு வந்தது. பழைய பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தில் வாயுக்களில் மின்னிறக்கம் என்று ஒரு பகுதி இருந்தது. கண்ணாடிக் குழாயைப் பம்போடு இணைத்து, தூண்டு சுருளில் இருந்து மின்சாரம் கொடுத்துக் காட்டுவேன். முதலில் ஒன்றும் தெரியாது. காற்று குறையக் குறைய ஊதா நிறத்தில் ஒரு நூல் நெளியும். அப்புறம் குழாய் முழுக்க இளஞ்சிவப்பு நிரம்பும். பிள்ளைகள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து எட்டிப் பார்ப்பார்கள். அந்த இளஞ்சிவப்புதான் பிளாஸ்மா. வாயுவின் அணுக்களில் இருந்து எலக்ட்ரான்கள் பிய்ந்து, பிய்ந்ததும் மிஞ்சியதும் சேர்ந்து திரிகிற நிலை.

இங்கே ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். கொரோனா காலத்தில் பிளாஸ்மா தானம், பிளாஸ்மா சிகிச்சை என்று நாம் கேட்டது ரத்தத்தில் இருக்கும் மஞ்சள் திரவம். குணமானவரின் ரத்தத்தில் இருந்து எடுத்து நோயாளிக்கு ஏற்றினார்கள். 1928இல் இர்விங் லாங்மியூர் மின்னேறிய வாயுவுக்கும் அதே பெயரை வைத்துவிட்டார். இரண்டுக்கும் பெயரைத் தவிர ஒற்றுமை கிடையாது. ஆனாலும் அந்த ரத்தப் பிளாஸ்மாவிடம் இருந்து ஒரு பாடம் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்து ஒப்பிட்டுப் பார்த்தது. ஏற்றியவர்களுக்கும் ஏற்றாதவர்களுக்கும், நோய் முற்றுவதிலோ சாவிலோ வித்தியாசம் இல்லை. அடுத்த வருடம் மே மாதம் அதைச் சிகிச்சைப் பட்டியலில் இருந்தே எடுத்துவிட்டார்கள். எத்தனை வீட்டில் பிளாஸ்மாவுக்காக ராத்திரி முழுக்கப் போன் அடித்திருப்பார்கள். நம்பிக்கை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் மருந்து என்று சொல்ல வேண்டும் என்பதை எனக்கு அழுத்தமாகப் புரிய வைத்தது அந்த 464 பேர் ஆய்வுதான்.

சரி, பிளாஸ்மா என்றால் கொதிக்குமே, அதைப் புண்ணில் எப்படிக் காட்டுவது? மின்னல் பிளாஸ்மா. வெல்டிங் பட்டறையில் கண் கூசும் வெளிச்சமும் பிளாஸ்மா. இரண்டும் எதிரில் பட்டதை எரித்துவிடும். ஆனால் வீட்டில் எரியும் டியூப் லைட்டுக்குள் இருப்பதும் பிளாஸ்மாதான். அதைத் தொட்டால் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது. இத்தனைக்கும் உள்ளே இருக்கும் எலக்ட்ரான்களின் வெப்பநிலை பத்தாயிரம் டிகிரிக்கு மேல். சூடு முழுவதும் எலக்ட்ரான்களிடமே நிற்கிறது, அணுக்களுக்குப் போய்ச் சேரவில்லை. ஒரு ஆர்கான் அணு எலக்ட்ரானைவிட ஏறத்தாழ 73,000 மடங்கு கனம். ஐம்பது கிலோ அரிசி மூட்டையின்மேல் ஒரு புளியங்கொட்டையை எறிந்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். கொட்டை எவ்வளவு வேகமாக வந்தாலும் மூட்டை அசையாது. எலக்ட்ரான்கள் மட்டும் கொதிக்க, வாயு குளிர்ந்தே இருக்கும் இந்த நிலைக்குத்தான் குளிர் பிளாஸ்மா என்று பெயர்.

டியூப் லைட்டில் காற்றை உறிஞ்சிவிட்டதால் இது எளிது. திறந்த வெளியில், நாம் மூச்சு விடும் அதே காற்றழுத்தத்தில் செய்வது கடினம். அணுக்கள் நெருங்கி இருப்பதால் மோதல் கூடிக்கூடிச் சூடாகி, பொறியாகி, கடைசியில் வெல்டிங் மாதிரி ஆகிவிடும். இதற்கு வழி கண்டவர் வெர்னர் வான் சீமென்ஸ். 1857இல் இரண்டு மின்முனைகளுக்கு நடுவில் கண்ணாடியை வைத்தார். மின்னிறக்கம் தொடங்கியதுமே கண்ணாடியின் மேல் மின்னூட்டம் படிந்து அதை அணைத்துவிடும். திசை மாறும்போது திரும்பத் தொடங்கும், திரும்ப அணையும். சூடேற நேரம் கிடைப்பதில்லை. அவர் இதைச் செய்தது ஓசோன் தயாரிக்க. இன்றைக்கும் பல மருத்துவப் பிளாஸ்மாக் கருவிகளில் இந்தக் கண்ணாடித் தடுப்பு முறைதான். இன்னொரு முறையில் ஆர்கான் வாயுவை ஒரு குழாய் வழியே வேகமாக ஊதி, உள்ளே மின்புலம் கொடுத்து, நுனியில் நீல ஊதா நிறத்தில் ஒரு சிறு நாக்கு மாதிரி வெளியே வர விடுகிறார்கள். வட ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்டில் உருவான அப்படி ஒரு பேனா வடிவக் கருவிக்கு 2013இல் ஐரோப்பாவில் மருத்துவக் கருவிச் சான்று கிடைத்தது. ஆறாத புண்களுக்கு அதைப் பயன்படுத்துகிறார்கள். சர்க்கரை நோய்க்காரர்களின் கால் புண் நம் ஊரில் எத்தனை வீட்டில் இருக்கிறது என்று நினைத்தால், அது மட்டுமே தனியாக எழுத வேண்டிய சங்கதி.

அக்கி ஆய்வுக்கு வருகிறேன். அதன் பின்னால் இருந்தவர்களில் ஒருவர் கிரெகோர் மோர்ஃபில். மியூனிக் அருகே கார்க்கிங்கில் விண்வெளி இயற்பியல் நிறுவனத்தில் இருந்தவர், சர்வதேச விண்வெளி நிலையத்தில் பிளாஸ்மாச் சோதனைகள் நடத்தியவர். வானத்தைப் பார்த்த மனிதர் தோலைப் பார்க்க வந்தார். அவர்கள் கருவி ஒன்று 2.45 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது, சமையலறை மைக்ரோவேவ் அடுப்பின் அதே அதிர்வெண். தோல் மருத்துவர்களோடு சேர்ந்து அக்கி நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் வழக்கமான மருந்து உண்டு. அதோடு ஒரு பிரிவுக்கு ஆர்கான் பிளாஸ்மா, மற்றப் பிரிவுக்கு மின்சாரம் இல்லாத வெறும் ஆர்கான் காற்று. முடிவு 2014இல் வெளியானது. பிளாஸ்மா காட்டியவர்களுக்கு வலி கூடுதலாகக் குறைந்தது, புண் தொடக்க நாட்களில் சீக்கிரம் தேறியது. கலந்துகொண்டவர்கள் நாற்பது பேருக்கும் குறைவு.

"வலி குறைந்தது" என்ற இடத்தை நான் எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை. பக்கத்து அறையில் ஆச்சி முனகிக்கொண்டு இருந்தாள்.

வைரஸை அது என்ன செய்கிறது என்று கேட்டால், ஆய்வகத் தட்டில் பார்த்தவரை விடை தெளிவாகவே இருக்கிறது. பிளாஸ்மா நாக்கு காற்றைத் தொடும் இடத்தில் ஆக்சிஜனும் நைட்ரஜனும் ஈரமும் உடைந்து புதிய சேர்மங்கள் பிறக்கின்றன. ஓசோன், ஹைட்ரஜன் பெராக்சைடு, நைட்ரிக் ஆக்சைடு, ஹைட்ராக்சில் என்று ஒரு கூட்டம். இவை எல்லாம் எதிரில் இருப்பதோடு உடனே வினைபுரியத் துடிப்பவை. அக்கி வைரஸுக்கும் கொரோனா வைரஸுக்கும் வெளியே கொழுப்பு உறை உண்டு. சோப்பு போட்டுக் கை கழுவினால் கரைகிறதே, அதே உறை. அந்தக் கொழுப்பை இந்தச் சேர்மங்கள் ஆக்சிஜனேற்றம் செய்து சிதைக்கும். உறையில் துருத்தி நிற்கும் புரதத்தின் வடிவத்தை மாற்றும். பூட்டில் நுழையாத சாவி மாதிரி அது செல்லுக்குள் நுழைய முடியாமல் போகும். இன்னும் நேரம் கொடுத்தால் உள்ளே இருக்கும் மரபுப் பொருளையும் தாக்கும். மாத்திரைக்கு ஒரே இலக்குதான், அந்த ஓர் இடத்தை வைரஸ் மாற்றிக்கொண்டால் தப்பித்துக்கொள்ளும். பல பக்கமும் ஒரே நேரத்தில் அடி விழும்போது தப்பிப்பது கடினம். எனக்கு இதில் பிடித்ததே இந்த இடம்தான்.

2020இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் ஆர்கான் பிளாஸ்மாவைக் கொரோனா வைரஸ் பூசிய பரப்புகளின்மேல் காட்டினார்கள். பிளாஸ்டிக், உலோகம், அட்டை, பந்துத் தோல் எல்லாவற்றிலும் மூன்று நிமிடத்துக்குள் வைரஸ் செயலிழந்தது. பலவற்றில் அரை நிமிடம்தான் ஆனது. ஆர்கானுக்குப் பதில் ஹீலியத்தை ஊதியபோது அப்படி நடக்கவில்லை. வெளிச்சம் வந்தால் போதும் என்று நினைக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இது. எந்த வாயு, என்ன சேர்மம் எவ்வளவு பிறக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதற்கு முந்தைய வருடம் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கண்ணாடி மணிகள் நிரப்பிய குழலுக்குள் பிளாஸ்மா உண்டாக்கி, அதன் வழியே வைரஸ் கலந்த காற்றை விட்டார்கள். மனிதருக்குத் தீங்கு செய்யாத, பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு வைரஸை வைத்துச் செய்த சோதனை. மணிகளுக்கு நடுவே காற்று நுழைந்து வெளியேற எடுத்த ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் 99.9 சதவீதம் செயலற்றுப் போனது, இல்லையென்றால் காற்றில் இருந்து நீங்கியது; பெரும்பங்கு செயலற்றுப் போனதுதான். வகுப்பறை, வார்டு, பேருந்து என்று காற்றில் பரவும் நோய்க்கு இது பெரிய வாசல் என்று நினைக்கிறேன்.

அந்த வாசலில் கவனமாக நுழைய வேண்டும். 2021 மே மாதம். மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சினுக்கு வைத்திருந்த திரவ ஆக்சிஜனை இஸ்ரோ மருத்துவமனைகளுக்கு அனுப்பிக்கொண்டு இருந்த நாட்கள். மாமாவுக்கு மூச்சு இளைப்பு உண்டு. வழக்கமான மருந்து வாங்க ஒரு சிறு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். காத்திருக்கும் அறையில் புதிதாக ஒரு பெட்டி. பிளாஸ்மா, கிருமியைக் கொன்றுவிடும் என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். உள்ளே நுழைந்ததுமே அந்த வாடையை நான் அடையாளம் கண்டேன். ஆய்வகத்தில் தூண்டு சுருள் ஓடும்போது வரும் வாடை, மழைக்கு முந்தி மின்னல் அடித்தால் வரும் வாடை. ஓசோன். பத்து நிமிடத்தில் மாமாவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது, வெளியே வேப்பமரத்தடிக்குக் கூட்டி வந்து உட்கார வைத்தேன். வைரஸின் கொழுப்பை அரிக்கும் ஓசோன் நுரையீரலின் உள்தோலையும் அரிக்கும், அதற்கு ஆள் அடையாளம் தெரியாது. மிச்சிகன்காரர்கள் காற்றைப் பிளாஸ்மாவில் விட்டதோடு நிற்கவில்லை, வெளியே வரும் ஓசோனை வடிகட்டுவதையும் சேர்த்தே யோசித்தார்கள். அறையில் ஆள் இருக்கும்போது ஓசோனைத் திறந்துவிடும் எந்தப் பெட்டியையும் வாங்காதீர்கள். கொசு பேட் பொறியையோ வேறு எதையோ புண்ணில் காட்டிப் பார்க்கவும் கூடாது. மருத்துவக் கருவியில் மின்னோட்டம், வாயு, தூரம், நேரம் எல்லாம் அளந்து வைத்திருக்கிறார்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஆச்சியின் விலாவுக்கே திரும்பி வருகிறேன். பிளாஸ்மாவில் பிறக்கும் சேர்மங்களில் வேகமானவை பிறந்த இடத்திலேயே கண்ணிமைக்கும் நேரத்துக்கும் வெகு முன்னால் மறைந்துவிடுகின்றன. தோலின் மேலே இருக்கும் செத்த அடுக்கின் தடிமன் மில்லிமீட்டரில் நூறில் ஒன்றோ இரண்டோ பங்குதான், அதைத் தாண்டுவதே பெரும்பாடு. வைரஸ் ஒடுங்கியிருக்கும் நரம்பு முடிச்சு முதுகுத்தண்டின் ஓரத்தில், தசைக்கும் எலும்புக்கும் உள்ளே இருக்கிறது. அங்கே பிளாஸ்மா போகாது. காவியும் போகாது. கொப்புளத்தில் இருக்கும் வைரஸைக் குறைக்கலாம், புண்ணில் பாக்டீரியா சேராமல் தடுக்கலாம், நைட்ரிக் ஆக்சைடால் அந்த இடத்து ரத்த ஓட்டத்தைக் கூட்டலாம், வலியைத் தணிக்கலாம். வலி ஏன் தணிகிறது என்பதற்கு முழு விளக்கம் இன்னும் உறுதிப்படவில்லை. உடம்பு முழுக்கப் பரவிய காய்ச்சலையோ நுரையீரலுக்குள் இறங்கிய வைரஸையோ பிளாஸ்மாவால் குணப்படுத்தலாம் என்று இன்றைக்கு யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மருக்களிலும், தானமாக வந்த விழி வெண்படலத்தில் அக்கியின் உறவுக்கார வைரஸை வைத்தும் சோதித்திருக்கிறார்கள். எல்லாமே வெளிப்பரப்புகள். கை எட்டும் இடத்தில்தான் அதற்கு வேலை.

எட்டும் இடமே சிறியது என்று தள்ளிவிடவும் எனக்கு மனமில்லை. அந்த மெல்லிய பரப்பில்தான் ஆச்சியின் அத்தனை மாத ராத்திரிகளும் கழிந்தன. காந்திநகரில் 1986இல் இருந்து நமக்கென்று ஒரு பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. நம் பக்கத்தில் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, தோல் பிரிவு இருக்கிறது, அக்கியோடு வரும் கிழவிகளுக்குப் பஞ்சமே இல்லை. நாற்பது பேரை வைத்து மியூனிக் பக்கம் பார்த்ததை நானூறு பேரை வைத்து இங்கே ஏன் பார்க்கக் கூடாது? வழக்கமான மாத்திரையோடு சேர்த்து, ஒரு பிரிவுக்குப் பிளாஸ்மா, இன்னொன்றுக்கு வெறும் காற்று, மூன்று மாதம் கழித்து எத்தனை பேர் மின்விசிறிக்கு அடியில் உட்கார முடிகிறது என்று ஒரு கணக்கு. பலன் இல்லை என்று வந்தாலும் அது நமக்குத் தெரிய வேண்டிய விடைதான்.

அதுவரை கையில் இருப்பதை விட்டுவிடக் கூடாது. தடிப்பு கண்ட அன்றைக்கே மருத்துவர். ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தடுப்பூசி இருக்கிறது, இரண்டு தவணை. ஐம்பதைத் தாண்டியவர்களை வைத்து நடந்த பெரிய ஆய்வில் அக்கி வருவதை 97 சதவீதம் தடுத்தது. இப்போது இந்தியாவிலும் கிடைக்கிறது. விலை எங்கள் வீட்டுக்கே கனம்தான், நெசவு செய்கிற வீடுகளுக்கு எட்டவே எட்டாது. அரசு மருத்துவமனையில் முதியோருக்கு இதைக் கொடுக்க வேண்டும் என்று வாய்ப்புக் கிடைக்கும் இடத்தில் எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆச்சியின் வலி ஆடியில் மெல்லக் குறைந்தது. மறு மார்கழியில் பொங்கப்பானை வாங்குகிற சாக்கில் வேளார் வீட்டுக்குப் போனேன். 72 மணி நேரக் கணக்கைச் சொன்னேன். எப்படி எடுத்துக்கொள்வாரோ என்று எனக்குத் தயக்கமாகவே இருந்தது. அக்கா பானை விளிம்பைத் துணியால் தடவியபடியே கேட்டார்.

"அப்ப நான் எழுதக் கூடாதுங்கீங்களா டீச்சர்?"

"மாத்திரைய ஆரம்பிச்சிட்டு வரச் சொல்லுங்கக்கா. உடைஞ்ச புண்ணுல மட்டும் மண்ணு வேண்டாம், சீழ் பிடிச்சிரும். சுத்தி எழுதுங்க."

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் பிளாஸ்மாவைப் பற்றிக் கேட்டார். நீல வெளிச்சம், சின்னதாக ஒரு நாக்கு மாதிரி, புண்ணுக்கு மேலே நகர்த்துவார்கள், இளஞ்சூடாக இருக்குமாம் என்று சொன்னேன். "தொடாமலேயா?" என்றார். தொடாமலேதான் என்றேன். தன் இறகை எடுத்து ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

கிளம்பும்போது இன்னொன்றையும் சொல்லிவிட்டு வந்தேன். நெற்றியிலோ கண்ணைச் சுற்றியோ அக்கி என்று யாராவது வந்தால் மூக்கு நுனியைப் பாருங்கள், அங்கே ஒரு கொப்புளம் இருந்தாலும் அதே நரம்பு கண்ணுக்கும் போகிறது, ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுங்கள் என்று.

போன பங்குனியில் ஒரு நாள் பள்ளிக்கூட இடைவேளையில் போன் வந்தது. "டீச்சர், சேரன்மாதேவியில இருந்து ஒரு பெரியவர் வந்தாரு. நெத்தியில அக்கி. மூக்கப் பாத்தேன், நுனியில ஒண்ணு இருந்துச்சு. இறகத் தொடல. மகனக் கூப்பிட்டு அந்த ஆட்டோவுலயே ஏத்தி அனுப்பிட்டேன். சரிதானே?"